எந்தச் சாவை எடுத்தீர்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். 2090-இல் ஒரு ஊசி வருகிறது, போட்டுக்கொண்டவருக்குச் சாவு கிடையாது. நாயகன் 5,000 வருடம் வாழ்கிறான். மூன்றாவது அத்தியாயத்தில் அவன் கொட்டும் மழையில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் பறக்கிறான். அந்த இடத்தில் உங்கள் நண்பர் பிரதியைக் கீழே வைத்துவிட்டு, "லாஜிக்கே இல்லை" என்று சொல்லிவிட்டார். "மனிதன் சாகவே மாட்டான் என்பதை ஒப்புக்கொண்டவர் ஹெல்மெட்டுக்கு ஏன் சண்டைக்கு வருகிறார்? கற்பனைக் கதையில் லாஜிக் எதற்கு?" என்று கேட்கிறீர்கள். ஆக, சாகாமல் இருக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி இல்லை. மலையை விழுங்கியவர் கடுகில் ஏன் விக்குகிறார் என்பதுதான் கேள்வி.

நான் கதை எழுதுகிறவன் இல்லை. ஆயுள் காப்பீட்டில் கணிப்புப் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்தவன். எந்த வயதில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப பிரீமியம் நிர்ணயிப்பது எங்கள் பிழைப்பு. ஆகவே சாவைப் பற்றி இங்கே எண்ணாகச் சொல்வதெல்லாம் கைப்பழக்கம். செல், திசு என்று சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வித்தியாசத்தோடு படியுங்கள்.

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில் இருக்கும் கிளிக்குள் ராட்சசனின் உயிர் இருக்கிறது என்று பாட்டி சொன்னால் குழந்தை கேள்வி கேட்காது. கிளியின் கழுத்தைத் திருகிய பிறகும் ராட்சசன் எழுந்து வந்தான் என்று சொல்லிப் பாருங்கள். "அதெப்படி பாட்டி?" என்று எழுந்து உட்கார்ந்துகொள்ளும். உயிர் கிளிக்குள் இருப்பது பாட்டி போட்ட விதி. அதைப் பாட்டியே மீறினால், இனி எது நடந்தாலும் பயப்படவோ சந்தோஷப்படவோ காரணம் இல்லை என்று ஐந்து வயதுக்கே தெரிந்துவிடுகிறது. உங்கள் நண்பர் கேட்டதும் இதே "அதெப்படி"தான்.

இரணியன் கதையில் இது இன்னும் கறாராக இருக்கும். மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது, பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது, தரையிலும் கூடாது, வானத்திலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாலிசிப் பத்திரத்தின் பின்பக்கத்துப் பொடியெழுத்துதான் ஞாபகம் வரும். எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டோம் என்று நினைத்து எழுதியிருப்பார்கள். நரசிம்மம் அதில் ஒரு வரியைக்கூட மீறவில்லை. அந்தி, வாசற்படி, மடி, நகம் என்று எழுதாமல் விட்ட இடமாகப் பார்த்து நுழைகிறது. வரம் கொடுத்தவர் வந்து "ரத்து" என்று சொல்லியிருந்தால் யாராவது இன்றைக்கு இந்தக் கதையைச் சொல்வார்களா? அசுவத்தாமனையும் பாருங்கள். அவனிடமிருந்து சாவை எடுத்தார்கள், புண் ஆறுவதைக் கொடுக்கவில்லை. மார்க்கண்டேயனுக்கோ சாவோடு மூப்பையும் சேர்த்து எடுத்தாயிற்று, என்றும் பதினாறு. இரண்டும் சாகாவரம்தான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்பது கதை சொன்னவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. உங்கள் ஊசி இதில் எந்த ரகம்? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே என் தொழிலுக்கு வருகிறேன். 1825-இல் லண்டனில் பெஞ்சமின் காம்பர்ட்ஸ் என்பவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். அவரும் காப்பீட்டுக் கணக்குப் போட்டவர்தான், அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வளர்ந்த மனிதருக்கு வயது கூடக்கூட, அடுத்த ஒரு வருடத்துக்குள் சாகும் வாய்ப்பு வட்டிக்கு வட்டி போலப் பெருகிக்கொண்டே போகிறது என்றார். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 8 வருடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. 30 வயதில் ஆயிரத்துக்கு ஒன்று என்றால், 54 வயதில் எட்டு, 78 வயதில் அறுபதைத் தாண்டிவிடும். மூப்பு என்று நாம் சொல்வதைக் கணக்கில் எழுதினால் இந்த இரட்டிப்புதான். நரை, மூட்டுவலி எல்லாம் அதன் வெளித்தோற்றம்.

இப்போது உங்கள் ஊசி இந்த இரட்டிப்பை நிறுத்திவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் 25 வயது உடம்போடு நின்றுவிடுகிறார்கள். 25 வயதுக்காரர்கள் சாவதே இல்லையா? சாகிறார்கள். லாரியில் அடிபட்டு, கிணற்றில் விழுந்து, காய்ச்சலில், கொலையில், தற்கொலையில். நம் ஊரில் காப்பீடு எடுத்தவர்கள் கணக்கில் அந்த வயதில் வருடத்துக்கு ஆயிரத்துக்கு ஒருவரை ஒட்டி வரும். அந்த விகிதம் மாறாமல் அப்படியே இருந்தால் சராசரி ஆயுள் 1,000 வருடம். 693 வருடத்தில் பாதிப் பேர் போயிருப்பார்கள். 5,000 வருடம் முடியும்போது ஆயிரம் பேரில் 7 பேர் மிச்சம். உங்கள் நாயகன் அந்த ஏழில் ஒருவன் என்றால் தாராளமாக இருக்கட்டும், ஆனால் அவன் கூட ஊசி போட்டுக்கொண்ட 993 பேரும் எங்கே? அவன் காதலி, தம்பி, ஊசி போட்ட டாக்டர் எல்லோரும் வழியில் விழுந்திருக்க வேண்டும். அதுவும் கிழவர்களாக இல்லை, எல்லோரும் 25 வயது முகத்தோடு. துக்கவீட்டில் கல்யாணச் சாவு என்று சொல்லி யாரும் ஆறுதல் தேட முடியாத ஒரு சமூகம் அது. உங்கள் பிரதியில் இது ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பைக் விஷயம். இந்தியாவில் சாலை விபத்தில் 2022-இல் மட்டும் 1.68 லட்சம் பேர் இறந்தார்கள். 140 கோடிப் பேருக்கு இதைப் பிரித்தால், ஒரு வருடத்தில் ஒருவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 8,300-இல் ஒன்று. நாம் யாரும் இதற்குப் பயந்து வீட்டில் உட்காருவதில்லை. 5,000 வருடத்துக்கு நீட்டிப் பாருங்கள்: வேறு எந்தச் சாவும் இல்லாவிட்டாலும், சாலை மட்டுமே நூற்றுக்கு 45 பேரைக் கொண்டுபோய்விடும். ஹெல்மெட்டைப் பார்த்து உங்கள் நண்பர் விக்கியதற்கு இதுதான் காரணமாக இருக்கும். அவர் மனம் எண் போட்டிருக்காது, ஆனாலும் எங்கேயோ உதைத்திருக்கிறது.

இதற்காக நாயகன் தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. இழக்க நிறைய இருப்பவன் அதிகம் பயப்படுவான் என்று பல கதைகளில் எழுதுகிறார்கள். அது அப்படி நிச்சயமில்லை. எங்கள் கோப்புகளில் மிச்சமுள்ள ஆயுள் அதிகமாக இருப்பது 18, 20 வயதுப் பையன்களுக்கு. தேவையில்லாமல் ஆபத்தில் தலையைக் கொடுப்பதிலும் அவர்கள்தான் முன்னணி. அறுபது வயதுக்காரர் படி இறங்கும்போதே கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். பயம் மீதி வருடங்களை எண்ணி வருகிறதா, உடம்பின் நோவிலிருந்து வருகிறதா? உங்கள் நாயகன் 25 வயது உடம்பும் 800 வருட நினைவும் உள்ளவன். அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம், யாரும் தப்பென்று சொல்ல முடியாது. முடிவு செய்திருக்கிறீர்கள் என்பது மட்டும் பக்கத்தில் தெரிய வேண்டும்.

உடம்புக்கு வருவோம். உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. 1961-இல் லெனார்ட் ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும் மனிதச் செல்களை வளர்த்துப் பார்த்தபோது, அவை 40 முதல் 60 தடவை பிரிந்த பிறகு நின்றுவிட்டன. ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம்களின் முனைகள் கொஞ்சம் தேய்வது இதற்கு ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த முனைகளையும் அவற்றைச் சரிசெய்யும் நொதியையும் கண்டறிந்த மூவருக்கு 2009-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உடனே கதைக்காரர்கள் எல்லோரும் "அந்த நொதியை ஊசியாகப் போட்டால் சாகாவரம்" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மனிதச் செல்லில் நிற்காமல் பிரிந்துகொண்டே இருப்பது ஏற்கெனவே உண்டு. 1951-இல் பால்டிமோரில் இறந்துபோன ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் செல்கள் இன்றும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. அவை அவரைக் கொன்ற புற்றுநோயின் செல்கள். செல்லுக்குச் சாகாவரம் கொடுப்பதும் மனிதருக்குக் கொடுப்பதும் வேறு, சில சமயம் நேர் எதிர். உங்கள் ஊசி இந்த நொதி வழியாக வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் புற்றுநோய்க்கு அந்த உலகத்தில் என்ன ஏற்பாடு என்று ஒரு பத்தியாவது வேண்டும்.

பிரியாத பாகங்கள் இன்னும் சுவாரசியம். கண்ணில் உள்ள லென்ஸின் நடுப்பகுதி நாம் கருவில் இருக்கும்போது உருவானது, பிறகு மாற்றப்படுவதே இல்லை. கிரீன்லாந்துச் சுறாவின் வயதை 2016-இல் கணித்தது இதை வைத்துத்தான். லென்ஸின் மையத்தில் உள்ள கார்பனை அளந்தார்கள், மிகப் பெரிய சுறாவுக்கு ஏறத்தாழ 390 வயது என்று வந்தது. முன்பின் 120 வருடம் பிசகலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நாயகன் 4,000-ஆவது வருடத்தில் எந்த லென்ஸால் பார்க்கிறான்? பல்? யானைக்குக் கடைவாய்ப் பல் ஆறு முறை முளைக்கும். ஆறாவது தேய்ந்தால், மற்ற எல்லா உறுப்பும் நன்றாக இருந்தாலும் மெல்ல முடியாமல் பட்டினியில் சாகும். நமக்கு இரண்டே செட். 3,000 வயதுக்காரன் கரும்பு கடிக்கிற காட்சி ஒன்று வைத்திருக்கிறீர்கள், அதைப் படித்துக் கொஞ்சம் சிரித்தேன்.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிட வேண்டும். மனித ஆயுளுக்கு 115 வயதை ஒட்டி ஒரு சுவர் இருக்கிறது என்று 2016-இல் ஒரு ஆய்வு வந்தது. 2018-இல் இத்தாலி முதியவர்களைப் பார்த்த இன்னொரு ஆய்வு, 105 வயதுக்கு மேல் சாவு வாய்ப்பு கூடுவது நின்று, வருடத்துக்கு ஏறத்தாழ பாதி என்ற அளவில் சமமாகிவிடுகிறது என்றது. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போல. இரண்டுக்கும் எதிர்ப்பு உண்டு, அந்த வயதில் ஆட்களே குறைவு என்பதால் வாதம் முடியவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்குள் வாழும் மயிரற்ற ஒரு எலி இனம் 30 வருடத்துக்கு மேல் வாழ்கிறது, அதற்கு வயதாக ஆகச் சாவு வாய்ப்பு கூடவில்லை என்றும் 2018-இல் எழுதினார்கள். காம்பர்ட்ஸ் விதி பாறையில் செதுக்கியது இல்லை போலிருக்கிறது. மூளை எத்தனை நூற்றாண்டு நினைவைத் தாங்கும் என்பதற்கோ யாரிடமும் பதில் கிடையாது. இப்படி அறிவியலே கையை விரிக்கிற இடங்கள்தான் நீங்கள் வீடு கட்டக்கூடிய புறம்போக்கு. தைரியமாகக் கட்டுங்கள். ஆனால் பட்டா நிலத்தில், அதாவது பல்லிலும் லென்ஸிலும், கட்டினால் வாசகர் கேட்பார்.

மக்கள்தொகை வெடித்து, கடலில் எல்லாம் வீடு கட்டி, சோற்றுக்குச் சண்டை என்று ஆறாவது அத்தியாயம் போகிறது. இது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது. பென்சிலை எடுத்துப் பாருங்கள். இன்றைய 800 கோடிப் பேரில் இனி யாரும் சாவதில்லை, ஒவ்வொரு தம்பதிக்கும் வாழ்நாளில் ஒரே குழந்தை என்று வைத்தால், அடுத்த தலைமுறை 400 கோடி, அதற்கடுத்து 200, பிறகு 100. எத்தனை ஆயிரம் வருடம் கூட்டினாலும் மொத்தம் 1,600 கோடியைத் தாண்டாது. இரண்டு குழந்தை என்றால் தலைமுறைக்கு ஒருமுறை அதே அளவு சேரும், நேர்கோடாக. மூன்று என்றால்தான் நீங்கள் எழுதிய வெடிப்பு. ஆக, உங்கள் உலகத்தின் தலையெழுத்து ஊசியில் இல்லை, பிள்ளை பெறுவதில் இருக்கிறது. அங்கேயும் ஒரு கேள்வி: பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது, பருவம் வரும்போது மூன்று லட்சம் அளவில்தான் மிச்சம், 50 வயதை ஒட்டிக் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. உங்கள் ஊசி அந்தக் கையிருப்பைத் தொடுகிறதா இல்லையா? தொடாவிட்டால், 25 வயது முகத்தோடு மாதவிடாய் நின்றுபோன பெண்களின் உலகம் அது, ஆண்களுக்கு அந்தக் கெடு கிடையாது. கடலில் வீடு கட்டுவதைவிடப் பெரிய நாவல் அதற்குள் இருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். சாகாதவர்களுக்குப் பென்ஷன் கொடுத்து அரசாங்கம் திவாலாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 5 சதவீத வட்டியில், வருடம் ஒரு லட்சம் வீதம் 25 வருடம் கொடுக்க இன்றைக்கு 14 லட்சம் சொச்சம் கையில் வேண்டும். அதையே முடிவில்லாமல் கொடுக்க வேண்டும் என்றால்? 20 லட்சம், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த பையன்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் இரண்டு தடவை கால்குலேட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள். நெதர்லாந்தில் 1648-இல் ஒரு கரை பராமரிப்பு வாரியம் ஆட்டுத்தோலில் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் இன்னும் வட்டி தருகிறது. யேல் பல்கலைக்கழகம் அதை வாங்கி வைத்திருக்கிறது, 2015-இல் ஆள் அனுப்பி 12 வருட வட்டியாக 136 யூரோ வாங்கி வந்தார்கள். பத்திரம் சாகவில்லை, பணத்தின் மதிப்புதான் செத்துவிட்டது. விலைவாசிக்கு ஏற்பப் பென்ஷனும் ஏற வேண்டும் என்று சட்டம் வந்தால் என் 20 லட்சம் கணக்கு சரிந்துவிடும், அப்போது உங்கள் திவால் நியாயம்.

மனிதர்கள் அதிக நாள் வாழ்ந்தால் எதிரே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு பிரான்சில் ஒரு நிஜக் கதை உண்டு. 1965-இல் ஒரு வக்கீல், 90 வயதான ழான் கால்மான் அம்மாவின் வீட்டை, அவர் இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்க் தருவது, இறந்த பிறகு வீட்டை எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தார். வக்கீலுக்கு அப்போது 47 வயது. 30 வருடம் கட்டிவிட்டு 1995-இல் வக்கீல் போய்ச் சேர்ந்தார், அவர் மனைவி தொடர்ந்து கட்டினார். அம்மா 1997-இல், 122 வயதில் இறந்தார். நிரூபிக்கப்பட்ட வயதில் இன்றுவரை அதுதான் உச்சம். அதன் பிறகு நடந்ததுதான் உங்களுக்கு உதவும். 2018-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் சிலர், இது கால்மானே இல்லை, அம்மா என்றைக்கோ இறந்துவிட்டார், மகள்தான் அம்மா பெயரில் வாழ்ந்தார் என்று கிளப்பினார்கள். இத்துறையில் உள்ள பெரும்பாலானவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் சந்தேகம் எந்த வழியாக வரும் என்பது தெரிந்துவிட்டது, இல்லையா?

எங்கள் அலுவலகத்தில் பழைய மென்பொருள் ஒன்று இருந்தது, வயதுக்கு இரண்டு இலக்கம்தான் இடம். ஒரு பாட்டிக்கு 101 ஆனதும் அது 01 என்று எடுத்துக்கொண்டு, மைனருக்குப் பணம் கொடுக்க கார்டியன் கையெழுத்து வேண்டும் என்று நிறுத்திவிட்டது. 74 வயது மகன் வந்து அம்மாவுக்குக் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டார். சிரித்துக்கொண்டேதான் போட்டார், ஆனால் அடுத்த மாதமும் வரவேண்டியிருந்தது.

உங்கள் நாயகனை அந்த மாதிரி ஒரு கவுன்டரில் நிறுத்திப் பாருங்கள். நவம்பர் மாதம், உயிர்வாழ் சான்று கொடுக்கும் வரிசை. பிறந்த தேதி 2065, முகம் 25 வயது, வருடம் 2400. செத்துப்போன அப்பாவின் பென்ஷனை மகன் வாங்கிக்கொண்டிருப்பதைப் பிடித்துப் பழகிய குமாஸ்தா அவனை ஏற இறங்கப் பார்க்கிறார். "இது உங்க தாத்தாவோட புத்தகம்தானே தம்பி?" விரல் ரேகை ஒத்துப்போகிறது, அவர் நம்பவில்லை. கண்ணைக் காட்டச் சொல்கிறார். இவனோ லென்ஸை மூன்று தடவை மாற்றியவன். வாசலில் பைக் நிற்கிறது, வெளியே மழை. அவன் ஹெல்மெட்டோடு வந்தானா இல்லையா என்பது இந்த இடத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும். எழுதினால் போடுங்கள், படிக்கிறேன்.